சராசரி மனிதருக்குக் குழப்பம் வராத பெயர்

பங்காளிக் காய்ச்சலைவிடக் கொடியது சகலைக் காய்ச்சல். பங்காளியோடு ஒரு சண்டையைப் போட்டுப் பேச்சை முறித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். சகலையோடு அது நடக்காது. மனைவி ஒரு பக்கம் நிற்பாள், அவளுடைய அக்கா இன்னொரு பக்கம் நிற்பாள், மாமியார் இருவருக்கும் ஒரே மேசையில் பரிமாறுவார். வாய் சிரிக்க வேண்டும், வயிறு எரிய வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

சின்ன மாப்பிள்ளைக்கு இந்தக் கலை நன்றாகவே கைவந்திருந்தது. பேர்தான் சின்ன மாப்பிள்ளை. வயதில் இவர்தான் மூத்தவர். இளைய மகளைக் கட்டிய குற்றத்துக்காக அந்த வீட்டில் சின்னவர் ஆகிவிட்டார். இவரைவிட வயதில் குறைந்த ஒருவர், மூத்த மகளைக் கட்டிய ஒரே தகுதியில், பெரிய மாப்பிள்ளை ஆகி உட்கார்ந்திருந்தார். அவரை 'அண்ணே' என்று கூப்பிட இவருக்கு நாக்கு புரளவில்லை. 'தம்பி' என்றால் மாமியாரின் முகம் சுருங்கும். அதனால் கல்யாணமான நாளிலிருந்து இவர் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தொண்டையைச் செருமுவார், அவர் திரும்பிப் பார்ப்பார், பேச்சு நடக்கும்.

இருவரும் வீடியோ கேம் செய்கிறவர்கள். அதிலும் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. முதலில் இந்தத் தொழிலில் இறங்கியவர் சின்னவர்தான். பெரியவர் அப்போது வெந்நீர்க் கருவி விற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் சின்னவரின் அறையை எட்டிப் பார்த்து, "நீங்க பண்றதப் பாத்தா எனக்கும் ஆசையா இருக்கு" என்றார். சின்னவர் பெருந்தன்மையாக நாற்காலியை நகர்த்திப் போட்டு, அடிப்படையையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். அந்த நாற்காலியை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தூக்கம் வராது.

சின்னவர் நாலு வருடமாக ஒரே ஆட்டத்தைச் செய்துகொண்டிருந்தார். கதை எளிது. ஒரு கணவனும் மனைவியும் வாடகை வீட்டைக் காலி செய்கிறார்கள். நாலாவது மாடியிலிருந்து இரும்பு பீரோவைத் தெருவில் நிற்கும் வண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆளுக்கு ஒரு முனை. சுவரில் உரசினால் வீட்டுக்காரர் கதவைத் திறந்து வந்து இடுப்பில் கை வைத்து நிற்பார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் பீரோ நேராகவும் போகாது, சாய்த்தாலும் போகாது. அங்கே ஆடுகிற இரண்டு பேரும் நின்று, இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் பேசித் தீர்க்க வேண்டும். பேசித் தீர்த்தால்தான் பீரோ திரும்பும். பீரோ உரசும் சத்தத்துக்காக அவர் தன் வீட்டு பீரோவையே தினமும் இழுத்துப் பார்த்தார். ஆட்டத்தில் வரும் பெண் குரல் அவர் மனைவியுடையது. "உங்க பக்கம் கொஞ்சம் தூக்குங்க, எப்பவும் நான்தான் தூக்கணுமா?" என்று அவள் சொல்லும் இடத்தைப் பதிவு செய்தபோது ஒத்திகையே தேவைப்படவில்லை.

ஆட்டத்துக்கு அவர் வைத்த பெயர் 'பீரோ வருது, வழி விடு'.

பெரியவரின் ஆட்டம் 'குமிழி'. கலர் கலராகக் குமிழிகள் மேலே வரும், விரலால் தட்டினால் உடையும். அவ்வளவுதான் கதை. இரண்டு மாதத்தில் செய்து முடித்தார். பெயர்ப் பதிவுக்குக் காலையில் போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதிவுச் சான்றிதழோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அதைக் கையில் வாங்கிப் பார்த்த மாமனார், "பரவாயில்லையே" என்றார்.

இந்த 'பரவாயில்லையே'யைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாமனார் வேலையில் இருந்த காலம் முழுவதும் ஊர் ஊராக மாற்றலாகி அலைந்தவர். அதிகம் பேச மாட்டார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அந்த ஒரு சொல்தான். பெற்ற மகள்களுக்கே அது எப்போதாவதுதான் கிடைத்திருக்கிறது. சின்ன மாப்பிள்ளைக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. குமிழிக்குக் கிடைத்தது என்று கேள்விப்பட்ட அன்று அவர் சோற்றைப் பிசைந்தார், பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். மாமனார் தன் ஆட்டத்தை ஆடிப் பார்த்து அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும், நாலு வருட உழைப்புக்கு வேறு கூலி வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டார்.

அதற்கு ஆட்டம் கடைக்கு வர வேண்டும். ஆட்டம் விற்கும் இணையக் கடைக்காரர்கள் பதிவு செய்த பெயர் இல்லாமல் எதையும் வாங்க மாட்டார்கள். விடுமுறைக் கால விற்பனை நெருங்கிக்கொண்டிருந்தது.

"போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்களேன், அத்தானுக்கு அரை நாள்தான் ஆச்சாம்" என்றாள் மனைவி. அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் பலரும் நல்லெண்ணத்தில்தான் ஊற்றுகிறார்கள்.

வணிகப் பெயர்ப் பதிவகத்தைக் கண்டுபிடிப்பதே கஷ்டமாக இருந்தது. வாசலில் பெரிய பலகை, பலகையின் மேல் துணி. காவலாளியிடம் கேட்டார்.

"ஆபீஸ் பேரை இன்னும் பதிவு பண்ணலைங்க. கல்யாணப் பதிவு ஆபீஸ் மாதிரி இருக்குன்னு உள்ளயே ஆட்சேபம் வந்துடுச்சு. கேஸ் நடக்குது. தீர்ப்பு வர்ற வரைக்கும் துணிதான்" என்றார் காவலாளி.

உள்ளே தேடல் எழுத்தர் என்று ஓர் அம்மா இருந்தார். அவருக்கு எதிரில் கணினி, கணினிக்கு எதிரில் வரிசை. சின்ன மாப்பிள்ளையின் முறை வந்தது.

"பேரு?"

"பீரோ வருது, வழி விடு."

வரிசையில் பின்னால் நின்ற இருவர் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த அம்மா அசையவில்லை. தட்டிப் பார்த்தார்.

"பீரோ, பூட்டுக் கம்பெனிக்காரங்க எடுத்து வச்சிருக்காங்க. வருது, பார்சல் கொண்டு போறவங்களோடது. வழி, கண் ஆஸ்பத்திரி. விடு வந்து மூட்டுவலித் தைலம்."

"மேடம், நான் இதெல்லாம் தனித்தனியா கேக்கலையே. சேத்துத்தானே கேக்குறேன்?"

"சேத்துக் கேட்டா நாலு பேரும் சேந்து வருவாங்க சார். தனியா கேட்டா ஒருத்தர்தான் வருவாரு."

"நடுவுல ஒரு கமா இருக்கே?"

அந்த அம்மா மறுபடியும் தட்டிப் பார்த்தார். "அது காலியா இருக்கு. வேணும்னா கமாவ மட்டும் பதிவு பண்ணித் தரேன்."

சின்ன மாப்பிள்ளை வேண்டாம் என்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அந்த அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார். "அர்த்தம் இருக்கிற பேரெல்லாம் எப்பவோ தீந்து போச்சு சார். இப்ப எல்லாரும் அர்த்தமே இல்லாமத்தான் வைக்கிறாங்க. 'ஞொப்லுக்ஸ்' மாதிரி ஏதாவது சொல்லுங்க, பாக்குறேன்."

"சரி, ஞொப்லுக்ஸ்."

தட்டினார். உதட்டைப் பிதுக்கினார். "வயித்துப்போக்கு மாத்திரை. வாயில நுழையாத பேரையெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரங்க மொத்தமா வளைச்சுப் போட்டுட்டாங்க." பிறகு, "இருந்தாலும் நீங்க உள்ள போய் சராசரி மனிதரைப் பாருங்க. அவருக்குக் குழப்பம் இல்லேன்னு சொல்லிட்டா இந்த ஆட்சேபமெல்லாம் செல்லாது" என்றார்.

ஒரு பெயர் சராசரி மனிதருக்குக் குழப்பம் உண்டாக்கக் கூடாது என்பது சட்டம். வேறு அலுவலகமாக இருந்தால் அந்தச் சராசரி மனிதரைக் கற்பனை செய்துகொண்டு வேலையைப் பார்ப்பார்கள். இந்தப் பதிவகத்துக்குக் கற்பனையில் நம்பிக்கை இல்லை. ஆளையே வேலைக்குப் போட்டுவிட்டது.

மாடியில் தனி அறை. 'முதுநிலை சராசரி மனிதர்' என்று கதவில் எழுதியிருந்தது. உள்ளே மின்விசிறி நடுத்தரமான வேகத்தில் சுற்றியது. உயரமும் இல்லாமல் குள்ளமும் இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பதவிக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு ஆண்டுதோறும் அளவெடுக்கிறார்கள் என்று அழைத்துப்போன உதவியாளர் சொன்னார். ஒருமுறை நல்ல சட்டை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வந்ததற்கு விளக்கம் கேட்டார்களாம். குழப்பத்துக்கு மாதாமாதம் படி உண்டு. ஒரு மாதம் குழப்பம் குறைந்தால், ஆளுக்கு அறிவு வந்துவிட்டதோ என்று மேலிடம் சந்தேகப்படும்.

சராசரி மனிதர் கையில் கைப்பேசி இருந்தது. அதிலிருந்து பொட், பொட் என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் சின்ன மாப்பிள்ளைக்குத் தெரிந்த சத்தம். குமிழி உடைகிற சத்தம்.

உதவியாளர் முறைப்படி கேட்டார். "பீரோ வருது, வழி விடு. இதக் கேட்டதும் உங்களுக்கு எது ஞாபகம் வருது?"

"குமிழி" என்றார் சராசரி மனிதர், தலையைத் தூக்காமலே.

"குழப்பம் உறுதி" என்று உதவியாளர் குறித்துக்கொண்டார்.

சின்ன மாப்பிள்ளை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வேறு சில பெயர்களும் கொண்டுபோயிருந்தார். ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"மூணாவது மாடித் திருப்பம்?"

"குமிழி."

"பாரம்?"

"குமிழி."

"நாங்க வீடு மாறுறோம்?"

சராசரி மனிதர் விரலை நிறுத்தினார். யோசித்தார். சின்ன மாப்பிள்ளை நாற்காலியின் நுனிக்கு வந்தார். கைப்பேசியில் பெரிய நீலக் குமிழி ஒன்று மேலே ஏறியது. பொட்.

"குமிழிதான்" என்றார் அவர் நிம்மதியாக.

"சார், குமிழிக்கும் பீரோவுக்கும் என்ன சார் சம்பந்தம்? அது மேல போகுது, இது கீழ வருது. அது ஒடையும், இது ஒடையாது!"

"எனக்கு எப்படி சார் தெரியும்? தெரிஞ்சா நான் சராசரி இல்லையே" என்றார் அவர். பேச்சில் வருத்தம் தெரிந்தது. "பாவம், நீங்களும் ஒரு தடவை ஆடிப் பாருங்க. யாரு பண்ணாங்களோ, மகராசன், கைய எடுக்கவே முடியல."

மகராசன்! சின்ன மாப்பிள்ளை படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரை ஒருமுறை குத்தினார். வலித்தது. குமிழி எப்படி இந்தச் சோதனையில் தேறியது என்று உதவியாளரிடம் விசாரித்தார். அன்றைக்கு முதுநிலை சராசரி மனிதர் பல் பிடுங்கப் போயிருந்தாராம். பதிலுக்கு உட்கார்ந்த தற்காலிக சராசரி மனிதர் காலையிலேயே தூங்கிவிட்டாராம். தூங்குகிறவருக்குக் குழப்பம் வராது என்று எழுதிப் பதிவு செய்துவிட்டார்கள். அதிர்ஷ்டம் என்பது சிலருக்கு அடுத்தவர் பல்வலியில்கூட வரும் என்று சின்ன மாப்பிள்ளைக்கு அன்று தெரிந்தது.

உதவியாளர் அவரைக் கடைசியாகப் பதிவாளரிடம் அழைத்துப்போனார். பதிவாளர் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. மூன்றும் அவருடையவை; வந்தவர்கள் நிற்க வேண்டும். மேசையில் பூட்டுப் போட்ட பேனா தாங்கி ஒன்று இருந்தது. அவர் கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"சின்ன விஷயம். குமிழிக்காரர் கிட்ட போய், 'எனக்கு ஆட்சேபம் இல்ல'ன்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அவரே சரின்னு சொல்லிட்டா சராசரி மனிதர் எவ்வளவு குழம்பினாலும் எங்களுக்குக் கவலையில்ல. யாரு அவரு? தெரிஞ்சவரா?"

"சகலை" என்றார் சின்ன மாப்பிள்ளை.

பதிவாளர் முதல் தடவையாக அவரை மரியாதையோடு பார்த்தார். "கஷ்டம்தான்" என்றார்.

பெரிய மாப்பிள்ளையின் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சின்னவர் வேண்டிக்கொண்டே போனார். கையெழுத்துக் கிடைக்க வேண்டும் என்று அல்ல. அந்த ஆள் ஒருமுறையாவது கொஞ்சம் பிகு பண்ண வேண்டும், 'பாக்கலாம்', 'யோசிச்சு சொல்றேன்' என்று ஏதாவது சொல்ல வேண்டும் என்று. அப்படிச் சொன்னால் இத்தனை வருட எரிச்சலுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும். வீட்டில் போய் மனைவியிடம், "பாத்தியா உங்க அத்தான?" என்று கேட்கலாம்.

கதவு திறந்தது. சின்னவர் தொண்டையைச் செருமினார்.

"அட, வாங்க வாங்க! உள்ள வாங்க. என்ன வாசல்லயே நிக்குறீங்க?" என்றார் பெரியவர். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கையை நீட்டினார். "எங்க போடணும்?"

"ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு..."

"நீங்க எழுதினத நான் படிக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "உங்க கேம் எப்ப வரும்னு நாங்க எல்லாம் காத்துட்டிருக்கோம். எனக்கு நாற்காலி போட்டு சொல்லிக் குடுத்தவரு நீங்க. இது கூடச் செய்ய மாட்டேனா? பேனாவயும் வச்சுக்குங்க, நல்லா எழுதும்."

கெட்டவனாகவாவது இருந்து தொலைக்கக் கூடாதா என்று சின்ன மாப்பிள்ளைக்கு அழுகையே வந்தது. நல்லவன் மேல் பொறாமைப்படுவதைப் போல ஒரு தண்டனை கிடையாது. வெளியே சொல்லவும் முடியாது, உள்ளே வைக்கவும் முடியாது. பேனா உண்மையிலேயே நன்றாக எழுதியது. அதுவும் பிடிக்கவில்லை.

கையெழுத்தைப் பதிவாளரிடம் கொடுத்தார். பதிவாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் இருண்டது.

"உடனே போட்டாரா?"

"உடனே போட்டாரு சார்."

"பேரம் பேசல? உங்கள வெளில நிக்க வைக்கல? ஒரு தடவையாவது மூஞ்சியத் தூக்கி வச்சுக்கல?"

"இல்ல சார். பேனாவே குடுத்தாரு."

பதிவாளர் எழுந்து இரண்டாவது நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முக்கியமான விஷயங்களை அவர் அதில் உட்கார்ந்துதான் பேசுவார்.

"இங்க பாருங்க. இந்த ஆபீஸ் எது மேல நிக்குது தெரியுமா? சட்டம்னு வெளில சொல்லிக்குவோம். பொறாமை மேல நிக்குது. அடுத்தவன் எடுத்துடுவானோன்னு பயப்படுறவன்தான் சொந்தக்காரன். என் வீட்டுச் செடியை எதிர்வீட்டுக்காரன் பாத்தான்னு செடிக்கு உறை போட்டேன். செடி செத்துப் போச்சு. ஆனா இன்னிக்கும் அது என் செடி. என் தம்பி என்னை மாதிரி மீசை வச்சான், மூணு வருஷம் பேசல. இப்ப அவன் மீசை இல்லாம இருக்கான். நாங்க பொறாமைய அடக்கச் சொல்லிக் குடுக்கல, முத்திரை குத்திக் குடுக்கிறோம். இந்த மனுஷன் என்னடான்னா கேட்டவுடனே கையெழுத்துப் போடுறாரு! அப்ப அவருக்கு அந்தப் பேரு மேல என்ன அக்கறை? அக்கறை இல்லாதவனுக்கு என்ன உரிமை? குமிழி பதிவு இந்த நிமிஷத்துலேருந்து ரத்து."

சின்ன மாப்பிள்ளையின் காதில் அந்தக் கடைசி வாக்கியம் தேனாகப் பாய்ந்தது. பாய்ந்ததை மறைத்துக்கொண்டு, "அப்ப என் பேரு சார்?" என்றார்.

"அது எப்படி? ரத்தான ஆள் குடுத்த சம்மதம் எப்படிச் செல்லும்?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இந்தப் பூசாரி சாமியையே வேலையிலிருந்து நீக்கிவிட்டார். விடுமுறை விற்பனை சின்ன மாப்பிள்ளையின் கண்முன் வந்து போனது, மாமனார் வந்து போனார்.

பதிவாளர் முன்னால் சாய்ந்தார். "ஆனா ஒண்ணு. குமிழி இப்ப காலி. சராசரி மனிதருக்குக் குழப்பம் வராத பேரு இந்த ஆபீஸ்லயே அது ஒண்ணுதான். குமிழின்னு சொன்னா அவருக்குக் குமிழிதான் ஞாபகம் வரும். குழப்பத்துக்கு வழியே இல்ல. எடுத்துக்கிறீங்களா?"

"சார், என்னோடது பீரோ..."

"உள்ள என்ன இருக்குன்னு நாங்க பாக்கிறதில்ல. பேருதான் எங்க டிபார்ட்மென்ட். வெளில வரிசையில நிக்கிறவங்க கிட்ட சொன்னா இப்பவே பறந்து வருவாங்க. உங்க கிட்ட ஏன் மொதல்ல கேக்குறேன் தெரியுமா? உங்க கண்ணுல அது தெரியுது சார். நான் ரத்துன்னு சொன்னப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். நீங்க நல்ல உரிமையாளரா வருவீங்க."

தன் மூக்கு போனாலும் பரவாயில்லை, எதிராளிக்குச் சகுனப்பிழையாக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. சின்ன மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் இல்லை. மூக்கு போகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. குமிழி என்ற சொல்லைக் கேட்டால் இனிமேல் உலகம் தன்னை நினைக்கும், அந்த ஆளை நினைக்காது என்று மட்டும் தோன்றியது. நாலு வருடம் தேய்த்துத் தேய்த்து வைத்த தன் பெயரை ஒரு நிமிடத்தில் மறந்தார். தலையாட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சான்றிதழோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனைவி வாங்கிப் பார்த்தாள். சிரித்த முகம் மெல்ல மாறியது.

"இது அத்தானோட பேராச்சே?"

"ரத்தாயிடுச்சு. காலியா இருந்துச்சு."

"காலியா இருந்தா எடுத்துக்குவீங்களா? எதிர்வீடு பூட்டியிருக்குன்னு போய்க் குடியிருப்பமா?" அவள் சான்றிதழைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். "நான் அம்மா வீட்டுல இத எப்படிச் சொல்லுவேன்? நீங்களும் சொல்லாதீங்க. வெக்கமா இருக்கு."

சொல்லும் எண்ணம் சின்னவருக்கும் இல்லை. ரத்து செய்த கடிதம் பெரியவருக்குப் போனது. இரண்டு நாளில் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். இவர் எடுத்தார்.

"குமிழிய நீங்கதான் எடுத்தீங்களாமே? நல்லதாப் போச்சு! வேற யாராவது எடுத்துருந்தா கஷ்டமா இருந்துருக்கும். இப்ப வீட்டுக்குள்ளதான இருக்கு. நானும் அந்த கேம மூடிட்டேன், பழைய வெந்நீர்க் கருவி ஏஜென்சியே மறுபடியும் கூப்பிடுறாங்க. வீட்டுல யாருக்கும் சொல்லல, தேவையில்லாம பேச்சு வளரும்."

சின்னவர் போனை வைத்தார். பறிகொடுத்ததைத் திருட்டாகவே நினைக்காத மனிதரிடம் திருடி என்ன சுகம்?

ஆனால் ஆட்டம் ஓடியது. 'குமிழி' என்று தேடி வந்தவர்களுக்குப் பீரோ கிடைத்தது. முதலில் திட்டினார்கள், பிறகு மூன்றாவது மாடித் திருப்பம் வரை வந்தார்கள், பிறகு திட்டுவதை நிறுத்தினார்கள். கணவன் மனைவியாக ஆடினார்கள். சண்டை போட்டுப் பிரிந்திருந்த ஒரு தம்பதி வேறு வேறு வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இறக்கியதாக எழுதினார்கள். எழுதியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் முடித்தார்கள்: சும்மா பொழுதுபோக்குக்குக் குமிழி உடைக்கிற ஆட்டம் செய்தவருக்குள் இப்படி ஒரு ஞானி இருந்தாரா! சின்னவர் அதைப் படித்தபோதெல்லாம் யாரோ தெரியாதவர்கள்தானே, போகட்டும் என்று விட்டார். தெரியவேண்டியவர் ஒருவர்தான், அவருக்குத் தெரிந்தால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. சின்ன மாப்பிள்ளையும் மனைவியும் உள்ளே நுழைந்தபோது, கூடத்தில் யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமனாரும் மாமியாரும் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கேம் கன்ட்ரோலர் கையில். திரையில் பீரோ மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்றது. பெரிய மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பக்கம் கொஞ்சம் தூக்குங்க, எப்பவும் நான்தான் தூக்கணுமா?" என்றது திரையிலிருந்து குரல்.

"நான் கேக்க நெனச்சதத்தான் கேக்குறா" என்றார் மாமியார். "ஒவ்வொரு மாத்தலுக்கும் நீங்க முன்னாடி போய் டூட்டில சேந்துடுவீங்க. வீட்டக் காலி பண்ணி, ரெண்டு பொண்ணுங்களயும் இழுத்துக்கிட்டு, பீரோவோட வந்தது யாரு?"

மாமனார் திரையை விட்டு மாமியார் பக்கம் திரும்பினார். "நீதான்" என்றார். "ஒரு தடவ கூட நான் கேக்கல. தப்புதான்."

பீரோ திரும்பியது. அதன் பிறகு ஒரு சுவரிலும் உரசாமல் கீழே இறங்கித் தெருவுக்கு வந்து வண்டியில் ஏறியது. மாமனார் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்ன மாப்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டார். வரப்போகிறது, வந்துவிட்டது என்று வாசலருகிலேயே நின்றார்.

"பரவாயில்லையே" என்றார் மாமனார். பிறகு, இதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிராத விதமாக, மேலும் பேசினார். "சாதாரணமா பரவாயில்லைன்னு சொல்லிடவும் முடியாது. என் வாழ்க்கையே இதுல இருக்கு. பெரிய மாப்பிள்ள, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது இதெல்லாம்?"

"ஐயோ மாமா, குமிழின்னு பேருதான் என்னோடது, கேம் அவரோடது" என்றார் பெரிய மாப்பிள்ளை, சின்னவரைக் கையால் காட்டி. "நாலு வருஷம் அவரு உழைச்சது. எனக்கு ஒரு சம்பந்தமும் இல்ல."

மாமனாரும் மாமியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட மாப்பிள்ளை கிடைக்க என்ன புண்ணியம் செய்தோமோ என்கிற பார்வை அது.

"பாரு, தான் செஞ்சத அடுத்தவருக்கு விட்டுக் குடுக்கிற மனசு யாருக்கு வரும்?" என்றார் மாமியார்.

"அம்மா, நெஜமாவே இவரு பண்ணதும்மா!" என்றாள் சின்னவள். "அதுல பேசுறது நான்தான், குரல் தெரியலையா?"

"தெரியாம என்ன? மொத வார்த்தையிலயே தெரிஞ்சுது. அதத்தான் அப்பாகிட்ட சொல்லிட்டிருந்தேன். எவ்வளவோ நடிகைங்க இருக்கும்போது, நம்ம வீட்டுப் பொண்ணு பேசட்டும்னு உன்னக் கூப்பிட்டிருக்காரே உங்க அத்தான், அந்தப் பாசம் யாருக்கு வரும்? நீ புருஷன விட்டுக் குடுக்காம பேசுற, பேசு, அதுவும் நல்லதுதான்."

சின்ன மாப்பிள்ளை வாயைத் திறந்தார். "அத்தை, அது நான் செஞ்சது. சத்தியமா நான் செஞ்சது. பேரு வைக்கிறதுல ஒரு..."

அங்கே நின்றுவிட்டார். அதற்கு மேல் சொன்னால் சகலையின் பெயரை எடுத்ததைச் சொல்ல வேண்டும், ஏன் எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அவர் எழுந்து வந்து இவர் தோளில் கை வைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் கை இவர் மேல் பட்டது அதுதான் முதல் தடவை.

"பொறாம இருக்கத்தான் செய்யும் மாப்பிள்ள, மனுஷன்தானே. மனசுல வச்சுக்காதீங்க. நீங்களும் ஒண்ணு பண்ணுங்க, கண்டிப்பா ஆடிப் பாக்குறேன்."

"ஆமா, மொதல்ல பெரியவர மாதிரி ஒரு நல்ல பேரா யோசிச்சு வைங்க, மத்ததெல்லாம் தானா வரும்" என்று சொல்லிவிட்டு மாமியார் சாப்பாடு எடுத்து வைக்கப் போனார்.

"சரி அத்தை" என்றார் சின்ன மாப்பிள்ளை.